வேலை முடியாத டீப்பாய்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கல் டீப்பாய் கிடக்கிறது. அதைப் பார்க்கிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதுக்கு எப்ப பாலீஷ் போடப் போறீங்க?" பாலீஷ் கிடையாது, இது இப்படித்தான் என்று சொன்னால் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும். காசு போதாமல் பாதியில் விட்டுவிட்டோமோ என்று சிலர் கண்ணில் இரக்கம்கூடத் தெரியும். பெரியப்பா முறையில் ஒருவர் தனக்குத் தெரிந்த மார்பிள்காரரின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, அந்த டீப்பாய் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் அன்போடுதான் செய்தார். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அதே கேள்வி எனக்கும் இருந்தது. பாலீஷ் மெஷினை வீட்டு வாசல்வரை வரவழைத்தவள் நான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பிளைவுட் டீப்பாய் தண்ணீர் குடித்து, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி ஊதிவிட்டது. அந்தத் தை மாதம் காலாப்பட்டு போகிற வழியில், ஈசிஆர் ஓரத்தில் இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கிற ஒரு கடையில் இதைப் பார்த்தேன். தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் நடுவே, மேலே காய்ந்த இலைகளோடு கிடந்தது. நாலு அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்று அங்குல கனத்தில் கருங்கல் பலகை. அதைத் தாங்க ஒரு அடி உயரத்தில் இரண்டு கல் கட்டைகள். அவ்வளவுதான். ஆணி, திருகு, சிமெண்ட் எதுவும் இல்லை. கடைக்காரர் செல்போனில் அதைப் போட்டோ எடுத்து "விண்டேஜ் ப்ரூட்டலிஸ்ட்" என்று பெயர் போட்டு வைத்திருந்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது வந்தது, எழுபதுகளில் செய்தது என்றார். அது எவ்வளவு தூரம் உண்மையோ, நான் கதைக்காக வாங்கவில்லை. இருபத்திரண்டாயிரம் சொன்னார், பதினெட்டு ஐந்நூறுக்குக் கொடுத்தார்.

டீப்பாய் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். டீ வைக்கிற பலகை என்பதால் வந்த பெயர் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தியில் மூன்று கால் உள்ளதைச் சொல்லும் 'திபாய்' என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் புகுந்து டீயோடு ஒட்டிக்கொண்டது. என்னுடையதற்கு இரண்டே கால். அதையும் கால் என்று சொல்ல முடியுமா தெரியவில்லை.

தூக்கி வர ஆறு பேர் தேவைப்பட்டது. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ வரும். பலகை மட்டும் இரண்டரை கன அடி, அதாவது 190 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டைகளையும் சேர்த்தால் முந்நூறுக்குப் பக்கம். மாடி வீட்டில் இருப்பவர்கள் இந்த மாதிரி ஒன்றை வாங்கும் முன் ஒரு இன்ஜினீயரைக் கேட்டுக்கொள்வது நல்லது. குடியிருப்பு அறைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று கணக்கு வைத்துத்தான் நம் ஊரில் தளம் போடுகிறார்கள். அறை முழுக்கப் பரவிய பாரத்தில் இது பெரிதல்ல, ஆனால் நடுத்தளத்தில் வைப்பதைவிடச் சுவரோரமாக, விட்டத்துக்குப் பக்கத்தில் வைப்பது பத்திரம். நாங்கள் தரைத்தளம்தான். அப்படியும் ஒரு டைல்ஸ் போனது. அடியில் கலவை சரியாக நிரம்பாத டைல்ஸை விரலால் தட்டினாலே 'டொக்' என்று காலிச் சத்தம் வரும். வைக்கப்போகும் இடத்தை முதலில் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பிடித்தத்துக்கு முன்னால்

ப்ரூட்டலிஸ்ட் என்ற பெயர் எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. ஏதோ கொடூரம், மிருகத்தனம் என்றுதான் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஜூலை 14 வந்தால் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்பிவிடுவார். டீப்பாய் வந்த அன்று சாயங்காலம் பார்க்க வந்தவரிடம் பெயரைச் சொன்னேன். "ப்ருத்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்த் தன் பென்ஷன் காகிதத்தை எடுத்து வந்தார். "இங்க பாரும்மா. மேல இருக்கற தொகை ப்ருத். பிடித்தமெல்லாம் போறதுக்கு முன்னாடி உள்ளது. கீழ இருக்கறது நெத், கைக்கு வர்றது." பூமியிலிருந்து எடுத்து இன்னும் சுத்திகரிக்காத எண்ணெய்க்கும் அதே சொல்தானாம். எதையும் கழிக்காதது, எடுத்தபடியே இருப்பது. எனக்கு அந்த ஒரு காகிதம் போதுமாக இருந்தது.

பிறகு தேடிப் படித்தபோது அவர் சொன்னதுதான் அங்கேயும் இருந்தது. லெ கொர்புசியே என்ற கட்டடக் கலைஞர் பிரான்ஸில் மார்செய் நகரத்தில் கட்டி 1952-இல் முடித்த பெரிய குடியிருப்பில், பலகை அடித்து வார்த்த கான்கிரீட் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி வந்திருந்தது. பலகையின் நரம்பு, மூட்டு, ஒழுகின தடம் எல்லாம் அப்படியே தெரிந்தன. பூசி மறைத்திருக்கலாம். மனிதர் முகத்தில் சுருக்கமும் மச்சமும் இருப்பதில்லையா என்று கேட்டு அவர் விட்டுவிட்டார். 'பெத்தோன் ப்ருத்', வார்த்தபடியே விட்ட கான்கிரீட். 1955-இல் ரெய்னர் பேன்ஹம் என்ற இங்கிலாந்து விமர்சகர் எழுதிய பிறகு ப்ரூட்டலிசம் என்ற பெயர் நிலைத்தது. அறுபது எழுபதுகளில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனிப் பக்கம் அது வீட்டுக் கூடத்துக்குள்ளும் வந்து, ஸ்லேட் கல்லையும் கான்கிரீட்டையும் உடைத்த முகத்தோடு வைத்து டீப்பாய்கள் செய்தார்கள். இன்று விண்டேஜ் என்று தேடிப் பிடித்து வாங்குவது பெரும்பாலும் அந்தக் காலத்துச் சாமான்களைத்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மார்செய்வரை போகத் தேவையில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டடத்து வேலை 1937-இல் தொடங்கியது, அந்தப் பெயர் நிலைப்பதற்குப் பதினைந்து வருடத்துக்கும் முன்னால். அந்தோனின் ரேமண்ட் வரைந்தது. கூட இருந்தவர்கள் பிரான்டிஷெக் சம்மர், ஜார்ஜ் நகாஷிமா. வெளியே பூச்சு இல்லாத கான்கிரீட், கண்ணாடி ஜன்னல் கிடையாது, சுவர் முழுக்க வரிவரியாகத் திறந்து மூடும் பலகைகள், உள்ளே கருப்புக் கடப்பைக் கல் தரை. அனுமதி வாங்கினால்தான் உள்ளே போகலாம், நான் தெருவில் நின்று பார்த்ததோடு சரி. சின்ன வயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லையா என்றுதான் நினைப்பேன். என்னை அதிகம் பிடித்துக்கொண்டவர் நகாஷிமா. இங்கே மேற்பார்வை பார்த்துவிட்டு அமெரிக்கா திரும்பியவர் பிற்பாடு பேர்பெற்ற மரவேலைக்காரர் ஆனார். அவருடைய மேசைகளின் ஓரத்தை ரம்பத்தால் நேராக்காமல் மரம் வளர்ந்த வளைவோடே விட்டார். பிளவு இருந்தால் அதை மறைக்காமல், பட்டாம்பூச்சி வடிவக் கட்டையால் தைத்துக் காட்டினார்.

இதையெல்லாம் படித்தேன், எனக்குப் புரிந்தும் இருந்தது. ஆனாலும் பாலீஷ் போடத்தான் ஆள் சொன்னேன். காரணம் அம்மா.

பூசாத வீடு

கடலூரில் திருப்பாதிரிப்புலியூரில் நான் வளர்ந்த வீடு பதினோரு வருடம் பூசாமலேயே இருந்தது. செங்கல் தெரியும். மொட்டை மாடியில் அடுத்த மாடிக்காக விட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கும். மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் செங்கல் பொடி ஒட்டும். அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் "அடுத்த வருஷம் பூசிடலாம்" என்பார். என் மாமா பெண்ணைப் பார்க்க வந்தவர்களை உட்காரவைக்க இடம் வேண்டும் என்று எங்கள் வீட்டைக் கேட்டார்கள். அம்மா தன்னிடமிருந்த எல்லாப் புடவைகளிலும் நல்லதாக இரண்டை எடுத்து, ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் செங்கல் தெரியாதபடி திரைச்சீலை போலத் தொங்கவிட்டார். அதில் ஒன்று அவருடைய கூறைப்புடவை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் புடவைகளைக் கழற்றி மடிக்கும்போது அம்மா யாரிடமும் பேசவில்லை.

அதனால் டீப்பாயைப் பார்த்து அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "பூசாத வீட்டுல பதினோரு வருஷம் இருந்தவடீ நான். காசு குடுத்து ஏன் அதை வாங்கிட்டு வந்த?"

சொரசொரப்பு அழகு என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் பளபளப்பு என்பது முடிந்துபோன வேலையின் அடையாளம். வாசல்படிக்குக் கிரானைட், கூடத்துக்கு முகம் தெரிகிற டைல்ஸ், சமையலறையில் பாலீஷ் போட்ட மேடை, இவையெல்லாம் 'எங்களால் முடித்துவிட முடிந்தது' என்று சொல்பவை. கடனை அடைத்த பிறகு, பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வருகிற பளபளப்பு அது. அதை ரசனைக் குறைவு என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. சரி, இதையும் முடித்துவிடுவோம், அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆளைக் கூப்பிட்டேன். பலகையும் ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாம்.

நூல் பிடித்துப் பார்த்தவர்

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். திருவக்கரைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கல்மரம் பார்க்கக் கூட்டிப்போவார்களே, அதே ஊர்ப் பக்கம்தான். சின்ன வயதிலிருந்து கல்லுவேலை. மெஷினை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் ஒரு ரூபாய் நாணயத்தால் பலகையைத் தட்டினார். கணீரென்றது. "நல்ல கல்லு. உள்ள வெடிப்பு இல்ல" என்றார். அடுத்து ஈரத்துணியால் மேலே துடைத்தார். அதன் பிறகு செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. என் செல்போனை வாங்கி டார்ச்சைப் போட்டு, பலகையின் ஓரத்தில் கன்னத்தைச் சாய்ப்பது மாதிரி தாழ்வாகப் பிடித்தார். மேலிருந்து பார்த்தால் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருந்த கல் முழுக்க ஆயிரக்கணக்கான சின்னச்சின்னப் புள்ளிகள் நிழலோடு எழுந்து நின்றன. ஒவ்வொன்றும் கடுகளவு. தாறுமாறாக இல்லை. ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு, லேசாகச் சாய்ந்த வரிசைகளில் மறு மூலைவரை போயின.

"பாலீஷ் போடலாம்மா. மெஷின் இருக்கு, ஒரு நாள் வேலை. ஆனா இது முடிச்ச வேலை."

"முடிச்ச வேலையா அண்ணே? சொரசொரன்னு இருக்கே?"

அவர் பையிலிருந்து நூல் எடுத்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து மூலையில் பிடிக்கச் சொன்னார். குறுக்கே எதிர் மூலைக்கு இழுத்துப் பிடித்துவிட்டு, கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். நூலுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் எங்கேயும் புகவில்லை. மறு குறுக்கிலும் அப்படியே. "மொதல்ல மட்டம் பண்ணியிருக்கான். அதுக்கே ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும். மட்டம் பண்ணிட்டு, அப்புறம் மேல பூவாக் கொத்தியிருக்கான். மட்டம் தெரியாதவன் கொத்தினா குண்டும் குழியுமா இருக்கும். தேய்ஞ்ச அம்மிக்குக் கொத்துப் போடறோமே, அது மாதிரிதான். கல்லை வழவழன்னு விடத் தெரியாம இப்படி விடல."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றிருந்தார்.

பிறகு அவர் நீளவாட்டு ஓரம் ஒன்றைக் காட்டினார். மற்ற மூன்று ஓரங்களும் உளியால் சீவியவை. இது மட்டும் பாறையிலிருந்து பிளந்த முகம், மேல் விளிம்பில் வரிசையாக ஒன்பது குழிகள். நான் அதை உடைசல் என்றே நினைத்திருந்தேன். ஆப்பு இறக்கிய குழிகள் என்றார். பிளக்க வேண்டிய கோட்டில் சம இடைவெளியில் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை நிறுத்தி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி, திரும்ப முதலிலிருந்து ஓர் அடி என்று போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். "ஒண்ணுலயே பலமா அடிச்சா வெடிப்பு கோட்டை விட்டு ஓடிடும். அடிக்க அடிக்கச் சத்தம் மாறும். மாறினதும் கையை நிறுத்திடணும். மிச்சத்தை கல்லே பாத்துக்கும்."

"இந்தப் பக்கத்தை மட்டும் ஏன் சீவாம விட்டாங்க? நேரம் இல்லையோ?"

"வெரலை விட்டுப் பாருங்க" என்றார்.

குழிக்குள் விரலை விட்டேன். உள்ளே சொரசொரப்பு. ஆனால் வாய் விளிம்பு மழுங்கி வழவழவென்று இருந்தது. ஒன்பது குழிக்கும் அப்படியே. தேய்ந்து போனதல்ல, ஒரே அளவில் உரசி விட்டது. நாலு மூலைகளும் அப்படித்தான். கண்ணுக்குக் கூராகத் தெரிகிற மூலையை உள்ளங்கையால் அழுத்தினால் குத்தவில்லை. எழுந்து உட்காரும்போது முட்டி படுகிற உயரத்தில், கீழ் விளிம்பும் ஒரு நூலளவு சாய்த்து எடுக்கப்பட்டிருந்தது. "நேரம் இல்லாதவன் இதைச் செய்வானா? கை படற எடம், காலு படற எடம் எல்லாத்தையும் தேடித் தேடித் தேய்ச்சிருக்கான். பாக்கறதுக்கு முரடா இருக்கணும், தொட்டா வலிக்கக் கூடாதுன்னு செஞ்சிருக்கான்."

அம்மா வந்து உட்கார்ந்தார். எதுவும் சொல்லாமல் ஒவ்வொரு குழியாக விரலை விட்டுப் பார்த்தார். ஒன்பதும் முடிந்த பிறகு, "எங்க வீட்டுச் சுவருல சாஞ்சா முதுகு கீறும்" என்றார். எந்த வீட்டைச் சொல்கிறார் என்று புரிந்ததோ புரியவில்லையோ, மேஸ்திரி தலையை ஆட்டினார். "அது பாதில விட்டதும்மா. அங்க யாரும் தேய்ச்சு விடலையே" என்றார்.

லெ கொர்புசியேயும் நகாஷிமாவும் எனக்குச் சொன்னதைவிடக் கூடுதலாக அந்த ஒரு வாக்கியம் சொன்னது. அதுவரை சொரசொரப்பு என்றால் எனக்கு ஒரே சொரசொரப்புதான். கை வராமல் நின்றுபோனதும், கை வந்து போனதும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும். விரலால் தொட்டால் இரண்டும் வேறு.

மெஷின் வண்டியிலேயே திரும்பிப் போனது. ஆடின மூலைக்கு அவர் ஈயத் தகட்டை நறுக்கி, மடித்து, நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் கடப்பாரையால் பலகையை நெம்பிப் பிடிக்க, கட்டை மேல் வைத்தார். பாரம் இறங்கியதும் ஈயம் தானே நசுங்கி இடத்தை நிரப்பிக்கொண்டது. அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

எண்ணிப் பார்த்தது

அன்றைக்கு ராத்திரி நானும் மகளும் ஒரு அட்டையில் ஒரு அங்குலச் சதுரம் வெட்டி, அதைப் பலகை மேல் வைத்து, டார்ச் அடித்து உள்ளே தெரிந்த புள்ளிகளை எண்ணினோம். ஐந்து இடத்தில் எண்ணினோம். பதினாலு, பதினேழு, பதினாறு, பதினாறு, பதினைந்து. பதினாறு என்று வைத்துக்கொண்டால், 48 அங்குலத்துக்கு 30 அங்குலம், 1440 சதுர அங்குலம். மகள் பெருக்கிச் சொன்னாள்: 23,040. பல் வைத்த சுத்தியலால் தட்டியிருந்தால் ஒரே அடியில் பல புள்ளிகள் விழும், அடிகள் குறையும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். ஆனால் இதில் வரிசை சாய்ந்து போகும் விதத்தைப் பார்த்தால் ஒற்றை உளிதான் என்பது அவர் எண்ணம். அப்படியானால் இருபத்து மூவாயிரம் தடவை ஒருவர் இந்தக் கல்லின் மேல் குனிந்திருக்கிறார். அவர் பெயர் எங்கேயும் இல்லை. அடியிலும் இல்லை, நெம்பும்போது பார்த்துவிட்டோம்.

புழங்குவதற்கு இது எளிய சாமான் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். டபராவை ஓசைப்படாமல் வைக்க முடியாது. நோட்டு வைத்து எழுத முடியாது, பேனா புள்ளியில் இறங்கும். பஜ்ஜி தின்ற அன்று ஒரு எண்ணெய்ச் சொட்டு விழுந்து எட்டணா அளவுக்குக் கருத்துவிட்டது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஒரு நாள் விட்டு எடுத்ததில் பாதி போனது, மறுபடி ஒரு நாள் அப்பியதில் மீதியும் போனது. துடைக்கத் துணி சரிப்படாது, நார் ஒட்டும், மெல்லிய பிரஷ்தான். காபி டிகாக்‌ஷன் உடனே துடைத்தால் போய்விடுகிறது. எலுமிச்சைக்கு இந்தக் கல் அசையவில்லை. சமையலறையில் உள்ள கடப்பைக் கல் மேடையில் எலுமிச்சை சொட்டிய இடமெல்லாம் வெள்ளைத் தழும்பாக இருக்கிறது, அது சுண்ணாம்புக் கல் என்பதால். பழைய கல் சாமான் வாங்குகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பெரியப்பா போன மாதம் திரும்ப வந்தார். இன்னும் பாலீஷ் போடவில்லையா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "இது முடிச்ச வேலைங்க. இப்படி வாங்க" என்று அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்துக் காட்டினார். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டு போனவர் மூன்றாவது குழியில் நின்று, "உள்ள என்னமோ கிடக்கே" என்றார்.

அது அம்மாவின் ஊக்குகள். சாயங்காலம் புடவை மாற்றும்போது கழற்றுகிற ஊக்குகளை அம்மா அந்தக் குழியில்தான் போட்டு வைக்கிறார்.